படத்தைப் பார்த்துச் சிரித்தால் பிள்ளைக்கு உறுதி வருமா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாயின் கேள்வி, 2025 பெப்ரவரி 18

டீச்சர், என் மகன் தரம் 7 படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே கையில் பென்சில் இல்லாமல் இருக்க மாட்டான். போன கிழமை சித்திர பாடத்தில் ‘எனது ஊர்’ வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவன் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு எதிர்த்த மலையைத் தாள் முழுக்க வரைந்திருக்கிறான். மேலே வானம் என்று ஒரு விரல் அகலம்கூட விடவில்லை. சேர் அதை வகுப்புக்குத் தூக்கிக் காட்டி, “வானத்த மலை முழுங்கிருச்சாடா?” என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவனுக்கு ‘மலைமுழுங்கி’ என்று பேர். இனி வரைய மாட்டேன் என்று கலர் பெட்டியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டான். என் அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், செடியின் கிளைகளைக் கழிக்கிற வேலை. “கவ்வாத்து வெட்டினாத்தான் தேயிலை துளிர்க்கும். நாலு பேர் சிரிக்கிறதத் தாங்காதவன் என்னத்த வரையப் போறான்?” என்கிறார். அவர் சொல்வது சரியா?

பெப்ரவரி 18, இரவு

தங்கச்சி, அண்ணன் சொல்வது சரியில்லை. அவருடைய தொழிலை வைத்தே சொல்கிறேன், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மலைநாட்டில் ஒரு தேயிலை மலையை நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் கவ்வாத்து வெட்டுவார்கள். வேரில் மாச்சத்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடும் வெயில் காலத்தில் கத்தியை எடுக்க மாட்டார்கள். வெட்டும்போதும் பல இடங்களில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவிடுவார்கள், செடி அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். கத்தி கூராக இருக்கணும், வெட்டு சாய்வாக விழணும், கிளை பிளக்கக் கூடாது. மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு போகிற வழியில் கண்டபடி கொத்திவிட்டுப் போனால் அதற்குக் கவ்வாத்து என்று உங்கள் அண்ணன் பேர் வைப்பாரா? கணக்கப்பிள்ளைதான் சும்மா விடுவாரா?

உங்கள் மகனுக்கு நடந்தது அந்தக் கொத்துதான். “வானத்த மலை முழுங்கிருச்சா” என்பதில் அடுத்த படத்தை எப்படி வரைவது என்று அவன் எடுத்துக்கொள்ள ஒரு சொல்லாவது இருக்கிறதா?

ஒன்று கேட்கணும். அவன் எங்கே உட்கார்ந்து அந்த மலையைப் பார்த்தான்?

பெப்ரவரி 19

பதில் வந்தது. லயம் பள்ளத்தில், கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றுப் பக்கமாக இருக்கிறதாம். வீட்டு முன்னாலுள்ள இஸ்தோப்பில் உட்கார்ந்தால் எதிர்த்த மலை கூரைத் தகரத்தின் விளிம்பு வரை ஏறி நிற்குமாம். வானம் பார்க்க முற்றத்துக்கு இறங்கிக் கழுத்தை வளைக்கணும் என்கிறார்.

அப்படியென்றால் பிள்ளை பார்த்ததை வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். வகுப்பில் மற்ற எல்லாரும் தாளின் மேல்பாதிக்கு நீலம் அடித்திருப்பார்கள். தன் வீட்டு வாசலில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று யோசித்த பிள்ளை இவன்.

“வானம் எங்கடா?” என்பது நல்ல கேள்வியாகவே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கணும். காத்திருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

பெப்ரவரி 22

எல்லாப் பிள்ளைகளும் வரைகிற ஒரு படம் உண்டு. இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர். மலைக்கு நடுவிலிருந்து வளைந்து வருகிற ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை, முன்னால் வயல். வானத்தில் பறவை என்று நாலைந்து வளைவுக் கோடு. மன்னாரில் மலையே இல்லை, அங்கேயும் பிள்ளைகள் இதைத்தான் வரைகிறார்கள். ஹட்டனிலும் இதேதான். இந்த உயரத்தில் தென்னையில் ஏறிக் காய் பறித்தவர் யார்? வயலை எங்கே பார்த்தார்கள்?

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நான் சனிக்கிழமைகளில் நடத்துகிற சின்ன வகுப்புக்கு, எங்கேயோ கேலி வாங்கி வந்த பிள்ளைகள் முதலில் வரைந்து தருவது எப்போதும் இந்தப் படம்தான். இதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். அதற்காகவே அதை வரைகிறார்கள். நானும் வாங்கி வைத்துக்கொள்வேன், ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் அந்தப் படத்துக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளை எதை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற தேயிலை நிரைகள், அதைக் குறுக்கே வெட்டும் தண்ணிக் கான், காற்றுக்குத் தகரம் பறக்காமல் வைத்த கல், கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றிக் கொடியில் போடுகிற அம்மா. கேலியால் பிள்ளை அழுவதோ, கோபித்துக்கொண்டு நாலு நாள் வரையாமல் இருப்பதோ எனக்குப் பெரிய பயம் இல்லை. கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறதே, அதுதான் பயம். கை திரும்ப வரையத் தொடங்கிவிடும். கண் திரும்பி வர வருடக்கணக்காகும்.

பெப்ரவரி 23

பதுளையிலிருந்து ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். பாரிஸில் ஓவியர் மொனேயையும் கூட்டாளிகளையும் பார்த்துச் சிரித்தார்கள், அவர்கள் நின்றார்களே, கேலி இல்லாமல் கலை இல்லை என்கிறார்.

சரி, பார்ப்போம். 1874 ஏப்ரலில் அவர்கள் சேர்ந்து வைத்த கண்காட்சி நடந்தது. லூயி லெருவா என்பவர் ஒரு நகைச்சுவைப் பத்திரிகையில் மொனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்ற படத்தைக் கிண்டல் பண்ணினார். அந்தக் கிண்டலில் வந்த ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பேரே நிலைத்துவிட்டது. உண்மைதான். ஆனால் அப்போது மொனேக்கு 33 வயது. பக்கத்தில் ரெனுவார், பிஸ்ஸாரோ, டெகா, சிஸ்லி, பெர்த் மொரிசோ எல்லாரும் இருந்தார்கள். சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்கும்போது அதற்கு யார் இருக்கிறார்கள்? சிரிக்கிற நாற்பது பேரும் அதன் கூட்டாளிகள்தான்.

பெரிய ஆள்களே தாங்கிவிடவில்லை. 1877-ல் ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் விஸ்லரின் படத்தைப் பார்த்து, ஜனங்கள் முகத்தில் ஒரு சட்டிப் பெயிண்டை வீசியடித்திருக்கிறான் என்ற பொருளில் எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் ஜெயித்தார். நட்டஈடாகக் கிடைத்தது ஒரு ஃபார்திங், பென்னியில் கால் பங்குதான். வழக்குச் செலவு அவரை விழுங்கி 1879-ல் வங்குரோத்தானார். நாற்பது தாண்டிய, பேரெடுத்த ஓவியருக்கு இந்த நிலை.

இன்னொன்றும் யோசியுங்கள் தம்பி. மற்றவர்கள் சிரித்தும் தாங்கி நின்றவர்களின் பேர் நமக்குத் தெரியும். அந்தச் சிரிப்போடு வரைவதை நிறுத்திவிட்டவர்களின் பேர் யாருக்குத் தெரியும்?

பெப்ரவரி 23, பின்னேரம்

மேலே எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி, நம்ம நாட்டிலிருந்தே. 1943-ல் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் முதலானவர்கள் சேர்ந்து ‘43 குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் கீட் கண்டியில் பிறந்தவர். அன்றைக்குச் செல்வாக்கோடு இருந்த கலைச் சங்கம் அச்சு அசலாக வரைவதைத்தான் படம் என்று மதித்தது. இவர்கள் தங்களுக்கென்று ஒரு இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒருவர் படத்தை ஒருவர் பார்க்க, பேச, சண்டை போட ஒரு இடம். நம்ம பிள்ளைகளுக்கும் அந்த மாதிரி நாலு பேர் வேணும். உங்கள் மகனுக்கு லயத்தில் வரைகிற இன்னொரு பிள்ளை இருந்தால் இருவரையும் சேர்ந்து உட்கார வையுங்கள் தங்கச்சி. மாமாவின் கண்டிப்பைவிட அது உதவும்.

பெப்ரவரி 24

“அப்ப கார்ட்டூன் போடுறதும் தப்பா?” என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. 43 குழுவிலேயே ஓப்ரி கொலெட் என்ற கேலிச்சித்திரக்காரர் இருந்தார், அரசியல்வாதிகளை வெளுத்து வாங்கியவர். அவர் கேலி செய்தது அதிகாரத்தில் இருந்தவர்களை. வகுப்பில் சேர் கேலி செய்தது யாரை என்று பாருங்கள்.

மார்ச் 1

என் கதையைக் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். நாலாம் ஆண்டு. ‘எனது தாய்’ வரையச் சொன்னார்கள். அம்மா கொழுந்தெடுப்பதை வரைந்தேன். கை இரண்டும் உடம்பைவிட நீளம், முழங்காலைத் தாண்டிப் போகும். விரல் நுனிகளுக்குக் கறுப்பு அடித்திருந்தேன். டீச்சர் படத்தை உயர்த்திப் பிடித்து, “உங்கம்மா என்ன, கொரங்கா?” என்றார். அந்தச் சொல் பாடசாலையோடு நிற்கவில்லை. லயத்துக்கு வந்தது. பீலிக்குத் தண்ணிக்குப் போகும்போது பிள்ளைகள் அம்மா காதில் விழவே சொன்னார்கள்.

அம்மாவின் கையைப் பார்த்திருந்தால் அந்த டீச்சர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். தேயிலை மரத்துக்கு அந்தப் பக்கம் எட்டி, இரண்டு கையாலும் மாறி மாறிக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போடுகிற கை அது. பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு அம்மாவில் நகர்வது கை மட்டும்தான். தேயிலைக் கறை ஏறி விரல் ரேகை எல்லாம் கறுத்திருக்கும். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் ரேகைக்குள் இருக்கிறது போகாது. நான் வரைந்தது அந்தக் கையை.

அப்புறம் ரொம்பக் காலத்துக்கு என் படங்களில் அம்மா வரவில்லை. பூச்சாடி, தேசியக்கொடி, புறா வரைந்தேன். பரிசுகூட வாங்கினேன்.

பயிற்சிக் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் கேத்தே கொல்விட்ஸின் படங்களைக் காட்டினார். ஜெர்மன்காரி, 1867-ல் பிறந்தவர். தொழிலாளிப் பெண்களைக் கறுப்பு வெள்ளையில் வரைந்தவர். அந்தக் கைகளைப் பார்த்தேன். முகத்தைவிடப் பெரிய கைகள், பிள்ளையை வளைத்துப் பிடித்த கைகள், தலையைத் தாங்கிய கைகள். வகுப்பில் எல்லாரும் குறிப்பெழுத, என்னால் எழுத முடியவில்லை.

அவர் நெசவாளர்களின் கிளர்ச்சியைத் தொடராக வரைந்து 1898-ல் பெர்லின் கண்காட்சியில் வைத்தபோது நடுவர்கள் தங்கப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தார்கள். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கொடுக்க மறுத்துவிட்டார். கோட்டிலோ நிழலிலோ பிழை கண்டுபிடித்து அல்ல. பசித்த நெசவாளிகளின் கிளர்ச்சியைப் படமாக்கியதும், வரைந்தவர் பெண் என்பதும்தான் காரணம் என்று சொல்கிறார்கள்.

நம்ம பிள்ளைகளின் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பல சமயம் சிரிப்பது கோட்டைப் பார்த்து இல்லை. லயத்தைப் பார்த்து, கூடையைப் பார்த்து, கறுத்த விரலைப் பார்த்து. பிள்ளைக்கு அது விளங்கும். சொல்லத் தெரியாது, ஆனால் விளங்கும். அடுத்த படத்தில் லயத்தை அழித்துவிட்டுக் குடிசை போடும்.

மார்ச் 2

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் ‘தோல் கலர்’ பற்றி மூன்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விசயம்.

பேஸ்டல் பெட்டியில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு துண்டு இருக்கும். பிள்ளைகள் அதற்கு ‘தோல் கலர்’ என்றுதான் பேர் சொல்லும். யாருடைய தோல் என்று நான் கேட்பதுண்டு. அமெரிக்காவில் கிரேயோலா கம்பனி அந்த நிறத்துக்குச் ‘சதை’ என்று பேர் வைத்திருந்தது. 1962-ல் ‘பீச்’ என்று மாற்றிவிட்டார்கள். நம்ம வகுப்பறைகளில் இன்னும் மாறவில்லை. ஒரு பிள்ளை அம்மாவுக்கு மண்ணிறம் அடித்தால் பக்கத்துப் பிள்ளை “ஐயோ, கறுப்பி” என்று சிரிக்கும். அந்தப் பிள்ளையின் கையும் அதே மண்ணிறம்தான்.

நான் செய்வது இது. மண்ணிறத்தை லேசாக, தாளின் சொரசொரப்பு தெரிகிற மாதிரி தடவச் சொல்வேன். மேலே செம்மஞ்சள். கன்னம், மூக்குத் தண்டு, நெற்றி இருக்கிற இடத்தில் மஞ்சள். கழுத்துக்குக் கீழேயும் காதுக்குப் பின்னாலும் ஊதா கொஞ்சம். அப்புறம் விரலால் தேய்க்கணும். கறுப்பை அதில் கலக்கவே கூடாது, சேறாகிவிடும். தேய்த்து முடித்ததும் பிள்ளை தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். நான் சொல்லிக் கொடுக்காமலே எல்லாப் பிள்ளைகளும் அதைச் செய்கின்றன. அதற்குப் பிறகு அந்த மேசையில் ‘கறுப்பி’ என்ற சிரிப்பு வருவதில்லை.

மார்ச் 4

வயதைப் பற்றிக் கொஞ்சம்.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஒருவர், ஒஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் படிப்பித்தவர். பிள்ளைகள் வரைவதைப் பருவம் பருவமாகப் பிரித்து 1947-ல் எழுதினார். பயிற்சிக் கல்லூரியில் எல்லாரும் மனப்பாடம் பண்ணுகிற பகுதி. அதில் எனக்கு உண்மையென்று பட்டது ஒன்று. ஒன்பது வயதுக்குக் கிட்டப் பிள்ளை தன் படத்தைப் பார்த்துத் தானே திருப்தியில்லாமல் போகிறது. அதுவரை ஏழு வயதுப் பிள்ளைக்குத் தான் போட்ட மாடு மாடுதான். பத்து வயதில் “இது மாடு மாதிரி இல்லையே” என்று அதற்கே தெரிந்துவிடுகிறது. கண் முன்னால் போய்விட்டது, கை பின்தங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைக்குள்ளேயே ஒரு கடும் விமர்சகன் உட்கார்ந்திருக்கிறான். வெளியிலிருந்து இன்னொரு சிரிப்பு வந்தால் அவன் “நான் அப்பவே சொன்னேன்ல” என்பான்.

நம்ம நாட்டில் சரியாக அந்த வயதில்தான் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வைத்திருக்கிறோம். நாலாம் ஆண்டிலிருந்தே பல வீடுகளில் கலர் பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விடும். பரீட்சை முடிந்து ஆறாம் ஆண்டில் அழகியல் பாடம் தெரிவு செய்கிற நேரம், பிள்ளையின் கை எட்டு வயதிலேயே நின்றிருக்கும், கண்ணுக்குப் பதினொரு வயது. இந்த இடைவெளியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் படத்தைத்தான் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

சித்திரத்துக்கென்று படித்த ஆசிரியர் எல்லாத் தோட்டப் பாடசாலைகளிலும் இல்லை என்பதையும் சொல்லணும். கணக்கு சேரோ சமய டீச்சரோ அந்தப் பாடவேளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாதபோது பகிடி சுலபமாக வரும். அந்த சேர் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவரைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை.

மார்ச் 5

“அப்ப எல்லாத்துக்கும் சூப்பர் சூப்பர்னு சொல்லணுமா?”

சொல்லக் கூடாது. அதுவும் பிள்ளையைக் கெடுக்கும். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு பாலர் பாடசாலையில் ஒரு சோதனை செய்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் ‘வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முதலிலேயே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். புகழ்ச்சிக்கும் சான்றிதழுக்கும் வித்தியாசம் உண்டு, தெரியும். இருந்தாலும் பூச்சாடிக்குப் பரிசு வாங்கிய ஆள் என்கிற முறையில் எனக்கு இந்த முடிவு ஆச்சரியமில்லை.

விமர்சனம் வேணும். கண்டிப்பாகவே வேணும். எப்படி என்று ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கொழுந்தெடுக்கிறவரை வரைந்தாள், கூடையைப் பாடசாலைப் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டிவிட்டாள்.

“கூடைக் கயிறு எங்கேம்மா மாட்டுவாங்க?”

“தோள்ல.”

“அம்மாயி எங்க மாட்டுவாங்க?”

யோசித்தாள். “தலையில... இல்ல, நெத்திக்கு மேல. துணிய மடிச்சு வச்சு.”

“அப்ப கழுத்து எப்படி இருக்கும்?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை வந்து, “டீச்சர், கழுத்து முன்னுக்குத் தள்ளி நிக்குது, தாடை கீழ இறங்குது” என்றாள். அம்மாயியை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்து மலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள், பாரம் ஏறித் திரும்பி வரும்போதும் பார்த்திருக்கிறாள். இரண்டிலும் கழுத்து வேறு வேறு மாதிரி இருக்கிறதாம். அவள் படம் பிழை என்று நான் சொல்லித்தான் இது தொடங்கியது. பிழையைக் காட்டினால் பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வரும்.

மார்ச் 8

ரதி, மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றியாகிவிட்டது, இரவில் தப்பு மேளச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது, எழுத உட்கார முடியவில்லை. ஆனால் அதையே எழுதலாம் போலிருக்கிறது.

தோட்டத்தில் ஓவியப் பழக்கமே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். காமன் கூத்துக்கு ரதி, மன்மதன் முகத்துக்கு வர்ணம் போடுவது யார்? கொழும்பிலிருந்தா வருகிறார்கள்? ஒரு மாமா கண்ணாடியை முழங்காலில் வைத்துக்கொண்டு புருவம் இழுப்பார். சுற்றி நிற்கிற பெடியன்கள் “மாமா, இடது பக்கம் ஏறிருச்சு” என்பார்கள். துடைத்துவிட்டு மறுபடி இழுப்பார். ஒருவரும் சிரிப்பதில்லை, அவரும் கோபிப்பதில்லை. விடிந்தால் சாமிக்கு முன்னால் நிற்க வேண்டிய முகம், சரியாக வரணும். எல்லாருக்கும் அந்த அக்கறை ஒன்றுதான்.

வாசலில் கோலம் போடுகிற அம்மாயியும் அப்படித்தான். “அந்த வரிசையில ஒரு புள்ளி விட்டுட்ட பாரு.” அவ்வளவுதான் சொல்வார். பிள்ளை காலால் கலைத்துவிட்டு மறுபடி போடும். இந்த மாதிரிக் குறை சொல்லத் தெரிந்த ஜனங்கள் நாம். வகுப்பறைக்குள் போனதும் ஏன் மறந்துபோகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தோட்டத்து உழைப்பையே பொருளாக வைத்துப் படைக்கிறார், கொழும்புக் கலையரங்குகள் வரைக்கும் போகிறது. நம்ம பிள்ளைகளுக்கு அவருடைய வேலைகளைக் காட்டுங்கள்.

மார்ச் 9

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அண்ணன் தன் மகளின் படத்தை அனுப்பியிருக்கிறார். ஒரு போட்டியில் ‘நிறந்தீட்டல் முழுமையில்லை’ என்று ஒதுக்கிவிட்டார்களாம். கீழே லயத்துக் கூரை, மேலே யூக்கலிப்டஸ் மரங்களின் தலை, நடுவில் வெறும் வெள்ளைத் தாள். நடுவர்களுக்கு அது அடிக்காமல் விட்ட இடமாகத் தெரிந்திருக்கிறது.

அது பனி அண்ணன். நல்ல பனி. பதினொராம் நூற்றாண்டில் சீனாவில் குவோ ஷி என்ற ஓவியர் இருந்தார், மலை ஓவியத்தில் பெரிய ஆசான். மலைக்கு நடுவே பட்டுத்துணியைத் தொடாமல் விட்டு மூடுபனியைக் காட்டுவது அவருடைய மரபு. நீர்வர்ணம் தீட்டுகிறவர்களும் வெளிச்சத்துக்கும் பனிக்கும் தாளைத்தான் விடுவார்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஒரே ஒரு குறை: மரத்தலைகளின் அடி வெட்டினது மாதிரி நிற்கிறது. அந்த விளிம்பை ஈரத் தூரிகையால் ஒரு தடவை இழுத்துவிட்டால் மரம் பனிக்குள் கரையும். அடுத்த படத்தில் செய்து பார்க்கட்டும். இந்தப் படத்தைத் தொட வேண்டாம்.

மார்ச் 12

முதல் கேள்வி கேட்ட தங்கச்சி மறுபடி எழுதியிருக்கிறார். மகன் சித்திரக் கொப்பியைத் திறப்பதில்லை. ஆனால் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நீலப் பேனாவால் என்னவோ வரைந்திருக்கிறான், படுத்த பிறகு இவர் பார்த்திருக்கிறார். ஓயாவில் துணி துவைக்கிற கல், அதன் மேல் காயப்போட்ட சட்டை. இதை சேரிடம் கொண்டுபோய்க் காட்டட்டுமா என்கிறார். மாமாவும் பார்த்துவிட்டு “நல்லாத்தாண்டி இருக்கு” என்றாராம்.

காட்டாதீர்கள். அது அவன் யாரிடமும் காட்டாமல் வரைந்தது. நீங்கள் பார்த்ததே அவனுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. அவனாகக் கொண்டுவந்தால் பாருங்கள். பார்த்ததும் நல்லா இருக்கு என்று சொல்லிவிடாதீர்கள். படத்தில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள்: “இந்தச் சட்ட ஈரமா இருக்கு போல.” மிச்சத்தை அவன் பேசுவான்.

சேரிடம் போகத்தான் வேணும், ஆனால் படத்தோடு போக வேண்டாம். வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, மற்ற ஆசிரியர்கள் இல்லாத இடமாகப் பார்த்து, ‘மலைமுழுங்கி’ என்ற பேரைப் பற்றி மட்டும் பேசுங்கள். எங்கள் லயத்திலிருந்து வானம் தெரியாது சேர், ஒரு நாள் வந்து பாருங்கள் என்று கூப்பிடுங்கள். தேத்தண்ணி குடிக்க வரச் சொல்லுங்கள். வந்தால் இஸ்தோப்பில் மகன் உட்கார்கிற இடத்திலேயே உட்கார வையுங்கள்.

மார்ச் 13

கலர் பெட்டியை மகனின் தங்கச்சியிடமிருந்து திரும்ப வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டதற்குப் பதில் எழுத விட்டுப்போயிற்று. வேண்டாம், அது இப்போது அவளுடையது. அவன் பேனாவில் வரைகிறான் என்றால் பேனாவே போதும். ஹட்டன் கடைகளில் கோடில்லாத பெரிய டிமை தாள் தனித்தாளாகக் கிடைக்கும். நாலாக மடித்து வெட்டி, நடுவில் நூல் தைத்தால் ஒரு கொப்பி ஆகிவிடும். கோடு போட்ட தாளில் சட்டையின் மடிப்பு சரியாக வராது. தைத்து மேசையில் வைத்துவிடுங்கள், எதற்கென்று சொல்ல வேண்டாம்.